உணவுக்கடை உரிமம்: முதலில் இடம், பிறகுதான் அடுப்பு

சிங்கப்பூரில் உணவுக்கடை திறக்க வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்த இடத்தை உணவகமாகப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்க்கடை என்றால் வீவகவிடம், லிட்டில் இந்தியாவின் தேக்கா போன்ற இடங்களின் கடைவீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேளுங்கள். முன்பு துணிக்கடையாக இருந்த இடம் தானாக உணவகம் ஆகிவிடாது. பலர் முன்பணத்தை இழப்பது இங்கேதான்.

பிறகு கோபிசினஸ் (GoBusiness) என்ற அரசாங்க இணையத்தளம் வழியாகச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். சமையலறை வரைபடம், பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், உணவைக் கையாளும் ஊழியர்களின் முதல்நிலை உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வரைபடம்தான் முக்கியம். கை கழுவும் தொட்டியைப் பாத்திரத் தொட்டியிலிருந்து பிரித்துக் காட்டுங்கள். பச்சை இறைச்சி வெட்டும் மேசை, சட்னி வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கட்டியபின் மாற்றினால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். அந்தச் செலவு கொடுமையானது.

உணவு அமைப்பின் ஆய்வுக்கு முன்பே குளிர்பெட்டியை ஓடவிட்டு, உள்ளே வெப்பமானியை வையுங்கள்: 4 டிகிரியைத் தாண்டக்கூடாது, உறைபெட்டி மைனஸ் 18. சூடாக வைக்கும் குழம்பு 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். தரைச் சாக்கடையின் கம்பிமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் எலி அந்த வழியாகத்தான் வரும்.

வீவக கடைக்கு வெளியே நாற்காலி போட நினைத்தால், அதற்குத் தனி அனுமதி வேண்டும். நகர மன்றத்திடம் முதலில் கேளுங்கள். மது விற்பனைக்கான உரிமம் காவல்துறையிடம். உணவு உரிமம் கைக்கு வரும்வரை ஒரு தோசைகூட விற்காதீர்கள்.