பிட்எக்ஸ்40-இல் செய்ய வேண்டிய முதல் மாற்றம்: ஒரு ஃப்யூஸ், ஒரு டயோடு

பிட்எக்ஸ்40 என்ற குட்டி வானொலி செட் கையில் கிடைத்ததும் புதிய ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) கேட்கும் முதல் கேள்வி, "பவரை எப்படிக் கூட்டுவது?" கூட்டலாம். ஆனால் அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் போதும், பொருட்களுக்கு நூறு ரூபாய்க்குள்தான் ஆகும். அதைச் செய்யாமல் வேறு எந்த மாற்றத்திலும் கை வைக்காதீர்கள்.

அனுப்பவும் பெறவும் பயன்படும் இந்தக் குட்டி டிரான்சீவரை வடிவமைத்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான். 40 மீட்டர் பேண்டில், 12 வோல்ட்டில் சுமார் 7 வாட் கொடுக்கும். சுற்றுப்படம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பாகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கின்றன. முதன்முதலில் கை வைத்துப் பழக இதைவிட நல்ல செட் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் இரவு கரண்ட் போனபோது, 7 ஆம்பியர்-மணி பேட்டரியை டார்ச் வெளிச்சத்தில் மாட்டினேன். பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு எரிந்த வாடை. ஆடியோ ஐசியான எல்எம்386-இன் முதுகு வெடித்திருந்தது. இறுதிக் கட்ட டிரான்சிஸ்டரான ஐஆர்எஃப்510-உம் போயிருந்தது. மாஸ்ஃபெட் எனப்படும் அந்த வகை டிரான்சிஸ்டருக்குள்ளேயே ஒரு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம், ஒளிந்திருக்கிறது. சரியான திசையில் மின்சாரம் வரும்வரை அது சும்மா இருக்கும். தலைகீழாக வந்தால் நேர் வழியாகத் திறந்துகொள்ளும். தடுக்க எதுவும் இல்லாததால் பேட்டரி தன்னால் முடிந்த ஆம்பியர் அத்தனையையும் கொட்டிவிடும்.

என்னென்ன வேண்டும்

1என்5408 டயோடு ஒன்று, 2 ஆம்பியர் ஃப்யூஸ், அதற்கு ஹோல்டர், ஹீட் ஷ்ரிங்க் டியூப் கொஞ்சம். சோதிப்பதற்கு பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்று. இந்தப் பல்பு இல்லாமல் தொடங்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: ஃப்யூஸ்

பவர் சாக்கெட்டிலிருந்து போர்டுக்குப் போகும் பிளஸ் வயரை வெட்டி, நடுவில் ஃப்யூஸ் ஹோல்டரை ஈயம் வைத்து இணையுங்கள். பேசும்போது இந்த செட் ஒன்றேகால் ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், அதனால் 2 ஆம்பியர் சரியாக இருக்கும். டியூபை வயருக்குள் நுழைத்துவிட்டுப் பிறகு ஈயம் வையுங்கள்.

படி 2: டயோடு

ஃப்யூஸைத் தாண்டி, போர்டு இருக்கும் பக்கத்தில், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே டயோடு வர வேண்டும். டயோடின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். அந்த முனை பிளஸ் வயரில். இதை இரண்டு முறை பாருங்கள்.

பேட்டரி சரியாக மாட்டியிருந்தால் டயோடு ஒன்றும் செய்யாது. தலைகீழாக மாட்டினால் அது குறுக்கே கடத்தி ஃப்யூஸை எரித்துவிடும். ஒரு கணத்துக்கு 200 ஆம்பியர் வரை தாங்கும் டயோடு இது, அதற்குள் ஃப்யூஸ் போய்விடும்.

டயோடை பிளஸ் வயரிலேயே தொடராகப் போட்டால் ஃப்யூஸ்கூட எரியாதே என்று தோன்றும். ஆனால் அதில் முக்கால் வோல்ட் எப்போதும் வீணாகும். 7 வாட் 6 வாட்டாகிவிடும். இவ்வளவு சின்ன செட்டில் அந்த ஒரு வாட்டை விட எனக்கு மனமில்லை.

படி 3: போர்டு இல்லாமல் சோதனை

போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பல்பைத் தொடராகப் போடுங்கள். பேட்டரியைச் சரியாக இணைத்தால் பல்பு எரியாது. இப்போது வேண்டுமென்றே தலைகீழாக இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரியும். கழற்றிய கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் மைனஸ் 0.7, 0.8 வோல்ட் காட்டும். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் போர்டுக்குப் போயிருக்கக்கூடியது அவ்வளவுதான்.

சரியாக இணைத்தபோதே பல்பு எரிந்தால் டயோடு திரும்பியிருக்கிறது. பல்பு இருப்பதால் எதுவும் கெடவில்லை. கழற்றித் திருப்பிப் போடுங்கள்.

எல்லாம் சரியானபின் பல்போடு சேர்த்தே போர்டை இணையுங்கள். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால், ரிசீவர் நலம்.

படி 4: பயாஸைச் சரிபார்ப்பது

மைக்கில் சத்தம் இல்லாதபோதும் இறுதிக் கட்ட டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை நிர்ணயிப்பதுதான் பயாஸ். இதைப் பார்க்கப் பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்தும் பட்டன்) அழுத்த வேண்டும், அதாவது டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யும். இந்தியாவில் அதற்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு தரும் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் இந்தச் சோதனைக்கு ஆன்டெனா வேண்டாம், அதற்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டரான டம்மி லோடுதான். ஒரு கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 20 வாட் லோடு கிடைத்துவிடும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது, அது காயிலாகவே நடந்துகொள்ளும்.

இறுதிக் கட்டத்துக்கு போர்டில் தனி பவர் கனெக்டர் இருக்கிறது. பல்பை மெயின் வயரிலிருந்து எடுத்து, மல்டிமீட்டரோடு சேர்த்து இந்தக் கனெக்டரின் பிளஸ்ஸில் தொடராகப் போடுங்கள். மீட்டர் 10 ஆம்பியர் நிலையில் இருக்கட்டும். பயாஸ் பிரீசெட் என்ற குட்டித் திருகைக் குறைந்த பக்கத்துக்குத் திருப்பி வைத்து, மைக்கில் சத்தம் போகாமல் பிடிடியை அழுத்துங்கள். கரண்ட் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும். மெல்ல, முடியளவு முடியளவாகத் திருப்பி 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். சட்டென்று பல்பு எரிந்தால் அளவு மீறிப் போய்விட்டது, பின்வாங்குங்கள்.

பிடிடி அழுத்தியிருக்கும்போது ஐஆர்எஃப்510-இன் ஹீட் சிங்கைத் தொடாதீர்கள். அந்த டிரான்சிஸ்டரின் உலோக முதுகு, டிரெயின் எனும் அதன் வெளியீட்டு முனையோடு இணைந்தது. அதில் ஆர்எஃப், அதாவது வானொலி அதிர்வெண் மின்சாரம் ஓடும், விரல் சுடும். இரும்புப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் ஹீட் சிங்க் பெட்டியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மைக்கா தகடு வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு புரோபை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டு அடுத்த நாள் பேட்டரி வோல்டேஜ் பார்த்தால் அது நேரடி ஷார்ட்.

படி 5: பவர் எவ்வளவு வருகிறது?

டம்மி லோடின் மேல்முனையிலிருந்து ஒரு 1என்4148 டயோடு, அதன் கோடு போட்ட முனையிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பல்பையும் மீட்டரையும் எடுத்துவிட்டு வயரைப் பழையபடி இணைத்து, மைக்கில் ஒரே சீராக விசில் அடித்தபடி கெபாசிட்டரின் குறுக்கே வோல்டேஜைப் பாருங்கள். வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி நூறால் வகுத்தால் வாட். 26 வோல்ட் வந்தால் 7 வாட்டுக்குச் சற்றுக் கீழே. இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்து எதை மாற்றினாலும் ஒப்பிட உதவும்.

இனி பவரைக் கூட்டும் ஆசைக்கு வரலாம். இறுதிக் கட்டத்துக்கு மட்டும் 24 வோல்ட் வரை தனியாகக் கொடுக்க முடியும். மீதி போர்டு 12 வோல்ட்டிலேயே இருக்க வேண்டும். ஹீட் சிங்கைப் பெரிதாக்குங்கள், அந்தத் தனி வயரிலும் இன்னொரு ஃப்யூஸும் டயோடும் போடுங்கள், புது வோல்டேஜில் பயாஸை மறுபடி குறைந்த பக்கத்திலிருந்தே தொடங்கி 100-க்குக் கொண்டுவாருங்கள்.