டெல்லிக் கல்லூரியில் முதல் செமஸ்டர்: ஊரிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு

ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளை அக்டோபரில் "இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று போனில் அழுதால், பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? மதியம் என்ன சாப்பிட்டாய்? டெல்லிக்கு வரும் தமிழ் மாணவர்களை முதலில் சாய்ப்பது பெரும்பாலும் சாப்பாடும் தூக்கமும் பாஷையும்தான். இவை மூன்றும் சேர்ந்து அடித்த பிறகு எந்தப் பாடமும் மலையாகத்தான் தெரியும். அதனால் முதல் ஆறு வாரத்தை அன்றாடத்தைச் சரிக்கட்டவே செலவிடுங்கள்.

அறை

கல்லூரியிலிருந்து இருபது நிமிட நடைக்குள் இருக்கட்டும். டெல்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகம் என்றால் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன் பக்கம் பி.ஜி. (மாத வாடகைக்குத் தங்கும் விடுதி) பார்க்கலாம். சொந்தக்காரர் வீடு ஆர்.கே.புரத்தில் இருக்கிறது, வாடகை மிச்சம் என்று அங்கே தங்கினால், தினமும் மெட்ரோவில் போய்வரும் நேரம் தூக்கத்திலிருந்துதான் கழியும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: அறையில் சின்ன ரைஸ் குக்கர் வைக்கலாமா, குளிர்காலத்தில் வெந்நீர் உண்டா, நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும்.

சோறு

காலையில் பராத்தா, மதியம் ராஜ்மா, ராத்திரி ரொட்டி. பல மெஸ்களில் சோறு ஒரு வேளைதான். பிடிக்காமல் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு மணி வரை டீயில் ஓட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தலைவலி, எரிச்சல், வகுப்பில் கண்ணைச் சொருகுவது எல்லாம் அதிலிருந்து வருகிறது. பராத்தா இறங்கவில்லையென்றால் இரண்டு வாழைப்பழம், பால், அவித்த முட்டை போதும். வெறும் வயிறு கூடாது. ஊரிலிருந்து பருப்புப்பொடி ஒரு கிலோவும் நல்லெண்ணெயும் கொண்டு வாருங்கள். குக்கருக்கு அனுமதி கிடைத்தால் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். நம்மூர் அரிசியும் முருங்கைக்காயும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் முனிர்காவிலும் கிடைக்கும். டிசம்பரில் தயிர் உறையவில்லையே என்று மாய்ந்துபோக வேண்டாம். அந்தக் குளிரில் உறையாது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள், அல்லது பால் பூத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஷை

இலக்கணத்தில் தொடங்காதீர்கள். எண்ணில் தொடங்குங்கள். ஆட்டோ, காய்கறி, வாடகை எல்லாம் எண்தான், ஹிந்தியில் நூறு வரை எண்ணுக்கு ஒழுங்கான அச்சு இல்லை. ஒரு பிடி உண்டு: 'உன்' என்று தொடங்கினால் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு. உன்தீஸ் 29, உன்சாஸ் 49, உன்ஸட் 59. (89-உம் 99-உம் இதற்கு அடங்காது, அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.) டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை. ஆகவே 'டேட் சௌ' 150 ரூபாய், 'டாயி சௌ' 250. மூன்றிலிருந்து அரைக்கு 'சாடே', கால் கூடினால் 'சவா', கால் குறைந்தால் 'பௌனே'. 'பௌனே பாஞ்ச்' என்றால் நாலே முக்கால். இது புரியாமல் ஐந்து மணிக்குப் போய் நிற்பவர்கள் ஏராளம். 'கல்' நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், வினையைக் கவனித்தால்தான் எதுவென்று தெரியும். பெரியவர், கடைக்காரர், காவலாளி யாரானாலும் 'ஆப்' (நீங்கள்) போட்டுப் பேசுங்கள். மற்ற தப்புகளை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

வகுப்பில் ஆசிரியர் ஹிந்திக்குத் தாவினால் முதல் வாரத்திலேயே, வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். "முக்கியமான இடங்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்ல முடியுமா" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நவம்பரில் போய்ச் சொன்னால் அது சாக்காகத் தெரியும்.

படிப்பும் வருகையும்

டெல்லி பல்கலைக்கழகத்தில் வருகைக்குப் பொதுவான கணக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தாளுக்கு வாரம் மூன்று வகுப்பு, பதினைந்து வாரம் என்றால் 45. வர வேண்டியது 30. கையிருப்பு 15. தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் அதில் நான்கைந்து போகும், ஒரு காய்ச்சலுக்கு மூன்று போகும். இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தாள்வாரியாக எழுதி வாருங்கள். உங்கள் கல்லூரி விதியையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 2,180 கி.மீ., 33 மணி நேரம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. தீபாவளி டிக்கெட்டுக்கு அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தவறினால் தட்கல்: முதல் நாள் ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. டிக்கெட் கையில் இருக்கிறது என்பதே பாதி ஏக்கத்தைத் தீர்க்கும்.

படிப்பில் குவிவது ரீடிங்ஸ், அதாவது ஆசிரியர் படித்து வரச் சொல்லும் கட்டுரைகளும் புத்தகப் பகுதிகளும். வாரத்துக்கு நூறு பக்கம் கொடுத்தால் எல்லாவற்றையும் வரி விடாமல் படிக்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் களைத்துவிடுவார்கள். முதல் பத்தி, கடைசிப் பத்தி, தலைப்புகள் பார்த்து, வாதம் என்ன என்று நான்கு வரியில் எழுதுங்கள். தேர்வில் வருகிறவற்றை மட்டும் ஆழமாகப் படியுங்கள். எது வரும் என்று ஐந்து வருட வினாத்தாள் சொல்லிவிடும், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். புத்தகப் பகுதிகளை நகலெடுத்துக் கட்டிய பாடத் தொகுப்புகளும் அங்கேதான். அப்படி நகலெடுப்பதற்கு எதிராகப் பெரிய பதிப்பகங்கள் வழக்கே போட்டு, 2017-இல் திரும்பப் பெற்றுக்கொண்டன.

குளிர்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசம்பர் கடைசியில் டெல்லியில் பகல் பத்தேகால் மணி நேரந்தான், சென்னையைவிட ஒரு மணி நேரம் குறைவு. அதோடு பனிமூட்டமும் புகையும் சேர்ந்தால் நாள் கணக்கில் வெயில் முகம் தெரியாது. காரணமே இல்லாமல் மனசு கனப்பதற்கு இது ஒரு காரணம். வெயில் அடிக்கும் நாளில் பதினோரு மணிக்கு மேல் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ புல்தரையிலோ உட்கார்ந்து படியுங்கள். ஊரே அதைத்தான் செய்யும். காற்று மோசமான நாட்களில் துணி மாஸ்க் உதவாது, என்95 வேண்டும், மைதானத்தில் ஓட வேண்டாம்.

தெர்மல் உள்ளாடை இரண்டு செட், ரஜாய் (பஞ்சுப் போர்வை), கம்பளி சாக்ஸ் எல்லாம் இங்கேயே மலிவு. சரோஜினி நகரில் நவம்பர் முதல் வாரத்தில் வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை கடை இருக்காது. வாளியில் போடும் ஹீட்டர் ராடை முதலில் தண்ணீரில் முக்கிவிட்டு அப்புறம் சுவிட்ச் போட வேண்டும். தண்ணீரைத் தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்க வேண்டும். மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

ஆட்களும் உதவியும்

வீட்டுக்குத் தினமும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் பேசுங்கள். அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வது இருக்கட்டும். அக்காவோ அத்தை மகனோ ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஆர்.கே.புரம் மலை மந்திர் (முருகன் கோயில்), டெல்லித் தமிழ்ச் சங்கம் என்று போய்வந்தால் காதுக்குத் தமிழ் கிடைக்கும். ஆனால் தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே மூன்று வருடத்தையும் ஓட்டினால் நோட்ஸும் வராது, ஹிந்தியும் வராது.

ராகிங் நடந்தால் 1800-180-5522, எந்நேரமும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, குளிக்கக்கூட எழ முடியாமை போன்றவை இரண்டு வாரம் விடாமல் இருந்தால் அதை ஊர் ஏக்கம் என்று தள்ளாதீர்கள். கல்லூரி கவுன்சலரிடம் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் மத்திய அரசுடையது, 2022-இல் தொடங்கியது, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்து அறையைத் தட்டுங்கள், 14416-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். அப்படி உங்களிடம் ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க எய்ம்ஸ் மனநலப் பிரிவும் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசிவிடலாம். சீட்டு போடும் வரிசையில் ஹிந்திதான். காலையில் சீக்கிரமே, ஹிந்தி தெரிந்த அறைத்தோழரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.