உதைக்கிற ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்குவது எப்படி?

கடையில் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை, கையில் எடுத்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ச்சாரியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்ப்போம். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் "நல்ல சாமான்" என்று பில் போட்டுவிடுவோம். என் முதல் ஸ்கோப்பை நானும் அப்படித்தான் வாங்கினேன். .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பலமான தோட்டாவைச் சுடும் ரைஃபிளின் மேல் ஒரு பெட்டித் தோட்டா தீரும்வரை ஒழுங்காக இருந்தது. பிறகு ஓர் அக்டோபர் காலையில் கொலராடோ மலைச்சரிவில், 260 கஜத்தில் நின்ற எல்க் மானுக்குச் சுட்டேன். குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்ப் பின்னாலிருந்த பாறையில் தூசி கிளப்பியது. இறங்கி வந்து 100 கஜத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால், வழக்கமான இடத்தைவிட ஏழு அங்குலம் மேலே.

கண்ணாடி அப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது.

இந்தப் பதிவு அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிற புதியவர்களுக்கானது. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை இல்லாமல் பொதுவாக உரிமம் வாங்க முடியாது. அதை முடித்துவிட்டு வாருங்கள், ஸ்கோப் காத்திருக்கும்.

படி 1: உங்கள் ரைஃபிள் எவ்வளவு உதைக்கிறது?

சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளை இடிப்பதைத்தான் உதை என்கிறோம்; அதன் ஆற்றலை அடி-பவுண்டில் அளப்பார்கள். ஏறத்தாழ எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .243 வின்செஸ்டர் தோட்டா சுமார் 10 அடி-பவுண்டு உதைக்கும். .308 என்றால் 17, 18. .300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐத் தாண்டும். .338 லாபுவா மேக்னத்தை இவ்வளவு லேசான துப்பாக்கியில் சுட்டால் தோள்பட்டை ஒரு வாரம் ஞாபகம் வைத்திருக்கும். மலையேறச் சுலபம் என்று துப்பாக்கியின் எடையைக் குறைக்கக் குறைக்க உதை கூடும். கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்கோப்புக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது.

குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைத் திருப்பிவிட்டு உதையைக் குறைக்கும் துண்டு) மாட்டியவர்கள் "எனக்கு உதையே இல்லை" என்பார்கள். அது தோளுக்குச் சரி. ஸ்கோப்பின் கதை வேறு: துப்பாக்கி பின்னால் பாயத் தொடங்கியதும் பிரேக் அதை முன்னால் இழுக்கிறது. அடி ஒரு திசையில் மட்டும் விழுவதில்லை. ஊரில் ஸ்பிரிங் ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதுவும் பின்னால் ஒரு குலுக்கு, முன்னால் ஒரு குலுக்கு என்று இரண்டு பக்கமும் ஆட்டுவதால், தோட்டாத் துப்பாக்கியில் நன்றாக உழைத்த ஸ்கோப்புகூட ஏர்கன் மேல் சிதறிப்போவது உண்டு.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்கோப்பின் குழலுக்குள் இன்னொரு சின்னக் குழல் இருக்கிறது. அதன் ஒரு முனை கீல்போல ஊன்றியிருக்கும், மறுமுனை அசையும். மேலேயும் பக்கத்திலும் நாம் திருகுகிற டரட் அதை ஒரு பக்கம் அழுத்தும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கும். ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு, எங்கே காட்டும் என்பதை முடிவு செய்வது இந்த இழுபறிதான். டரட்டைத் திருகும்போது கேட்கும் கால் எம்ஓஏ கிளிக் ஒன்று (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம் நகர்த்தும். அதற்காக உள்ளே அந்தக் குழல் நகர்கிற தூரம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

இப்போது யோசியுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் அந்தச் சின்னக் குழல் துள்ளி, அதே முடியளவு இடத்துக்குத் திரும்பி உட்கார வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, டரட்டின் நுனி தேய்ந்தாலோ, லென்ஸை ஒட்டிய பசை விட்டாலோ, குறி அலையத் தொடங்கும். பழைய வேட்டைக்காரர்கள் சிலர் டரட்டைத் திருகியதும் காலித் தோட்டா உறையால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் குழல் இடத்துக்கு வரட்டும் என்றுதான். தட்டினால்தான் வேலை செய்யும் ஸ்கோப்பை நான் வாங்கமாட்டேன்.

படி 3: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி

முழுப் படமும் தெரியக் கண் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்கிற அளவு இது. உதைக்கிற ரைஃபிளுக்கு மூன்றரை அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். நான்குக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. பல ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது இந்த இடைவெளி சுருங்கும் என்பதால், பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால் சின்ன எண்ணைப் பாருங்கள். குப்புறப் படுத்தோ மேட்டை நோக்கியோ சுடும்போது முகம் தானாக முன்னால் போகும். என் வலது புருவத்தின் மேல் பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. வீடியோ காலில் அதைப் பார்த்த அம்மா, "யார்கிட்டடா அடி வாங்குன?" என்றார்.

படி 4: உருப்பெருக்கம், அளவுகோல், எடை

எல்க் மானின் நெஞ்சுப் பகுதி ஓர் அடிக்கும் அதிக அகலம். 500 கஜத்திலும் 10 மடங்கு போதும். 3 முதல் 15 மடங்கு வரை மாற்றக்கூடிய 3-15 அல்லது 4-16 தாராளம். 25 மடங்கு என்று ஆசைப்பட்டால் கனமும் சேர்ந்து வரும். முன் லென்ஸின் மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 44 மி.மீ. லென்ஸில் 15 மடங்கு வைத்தால் 3 மி.மீ.கூட இல்லை, 6 மடங்கில் 7 மி.மீ.க்கு மேல். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சட்டப்படி சுடலாம் என்கிற ஊரில் இந்தக் கணக்கு தேவைப்படும்.

கோணத்தை அளக்க மில்லா, எம்ஓஏவா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. டரட்டும் ரெட்டிகிளும் ஒரே அளவுகோலில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

எடைக்கு ஒரு வார்த்தை. ஸ்கோப் கனமானால் உதைக்கும்போது அதைப் பிடித்திருக்கும் ரிங்குகளை (வளையங்களை) அதிகமாக இழுக்கும், ஆகவே கனம் மட்டுமே உறுதியின் அடையாளம் ஆகாது. ஆனாலும் நைட்ஃபோர்ஸ் மாதிரியான உறுதிக்குப் பேர்போன ஸ்கோப்புகள் கனமாகத்தான் இருக்கின்றன. லூபோல்ட் நிறுவனம் .308-ஐப்போல மூன்று மடங்கு உதையை 5,000 முறை கொடுத்துத் தன் ஸ்கோப்புகளைச் சோதிப்பதாகச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு ஸ்கோப்பைச் சோதிக்க வேண்டியது நீங்கள்.

படி 5: மாட்டுவது

"ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்புகிறவர்கள், முதலில் திருகாணிகளைப் பார்த்திருக்கலாம். ரெயிலின் (துப்பாக்கியின் மேல் ரிங் உட்காரும் பட்டை) திருகு, ரிங்கின் திருகு எல்லாவற்றிலும் பழைய எண்ணெயைத் துடைத்தெடுங்கள். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. உங்கள் ரிங்குடன் வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. அதற்குமேல் முறுக்கினால் குழல் நசுங்கி, உள்ளே அந்தச் சின்னக் குழல் நகரவே சிரமப்படும். ரெயிலில் மாட்டும்போது ரிங்கை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்; உதைக்கும்போது அது முன்னால் வழுக்க இடம் இருக்கக் கூடாது. கடைசியாக, ரிங்கும் குழலும் சேருமிடத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு கோடு உடைந்து தெரிந்தால் ஸ்கோப் வழுக்கியிருக்கிறது, ஸ்கோப்பின் மேல் பழி இல்லை.

படி 6: சுட்டுப் பாருங்கள்

100 கஜத்தை டேப் வைத்து அளங்கள். ஆளுயர அட்டையில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேர்க்கோடு போடுங்கள். அடியில் ஒரு புள்ளிக்குக் குறிவைத்து மூன்று குண்டு. டரட்டை 20 எம்ஓஏ ஏற்றி, அதே புள்ளிக்கே குறிவைத்து இன்னொரு மூன்று. இரண்டு கொத்துக்கும் நடுவே 20.94 அங்குலம் இருக்க வேண்டும். 20.4 வந்தால் பயப்படாதீர்கள். எப்போதும் அதே அளவு குறைகிறது என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். என் .300-இல் 180 கிரெயின் எடையுள்ள குண்டு, 200 கஜத்தில் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தது) என்றால், 500 கஜத்துக்கு ஏற்ற வேண்டியது சுமார் 7 எம்ஓஏதான். அதில் இந்தப் பிழை ஓர் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு 20.4, நாளைக்கு 21.5 என்று ஆடுகிற ஸ்கோப்புக்குத்தான் மருந்து இல்லை.

பிறகு கீழே இறக்குங்கள். ஆரம்பப் புள்ளிக்கே குண்டு வர வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்யாதீர்கள். இருபது மேக்னம் தோட்டாவுக்குப் பிறகு தோள் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். அந்தக் குற்றமும் ஸ்கோப்பின் தலையில்தான் விழும். நாலைந்து வாரத்தில் நாற்பது, ஐம்பது குண்டு போகட்டும். நடுவில் துப்பாக்கியை உறையில் போட்டுக் கரடுமுரடான மண்பாதையில் பிக்கப் வண்டியில் அலைக்கழித்துவிட்டு மறுபடி சுடுங்கள். சிலர் தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றிவிட்டு, முழங்கால் உயரத்திலிருந்து தடித்த பாயின் மேல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு முதல்முறை மனசு வரவில்லை. இப்போது செய்கிறேன். பனிப்பாறையில் சறுக்கி விழும்போது பாய் விரிக்க யாரும் வரப்போவதில்லையே.

ஒவ்வொரு முறையும் குழல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டு எங்கே விழுந்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள். எல்க் மானுக்குப் போவது அந்தக் குண்டுதான். ஐந்து வாரத்து முதல் குண்டுகளும் ஒரு டீ டம்ளரின் வாய்க்குள் அடங்கினால் ஸ்கோப்பை விடாதீர்கள். அடங்கவில்லை என்றால் ரிங்கைக் கழற்றி மறுபடி மாட்டி ஒருமுறை பாருங்கள். அப்போதும் அலைந்தால், உரிமத்தில் உள்ள தேதி வருவதற்குள் பெட்டியில் போட்டு வாரண்டிக்கு அனுப்பிவிடுங்கள்.