நீல அச்சும் அசையும் கேமராவும்: ஒளிப்படச் சோதனைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒளிப்படத்தில் சோதனை செய்ய விரும்புகிறவர், வழக்கமான முறையில் ஏதேனும் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மாற்றிவிட்டு, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸை நீக்கலாம், கேமராவையே நீக்கலாம், ஷட்டர் திறந்திருக்கும்போது கையை அசைக்கலாம், ஒரே சட்டகத்தில் இரண்டு காட்சிகளைப் பதியலாம். இவற்றில் மூன்றை ஒரே நேரத்தில் செய்தாலும் நல்ல படம் அமையக்கூடும். ஆனால் அது எதனால் அமைந்தது என்று தெரியாததால் மறுமுறை அமையாது. ஆகவே வேதிப்பொருள்களை வாங்குவதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டை வாங்கிவிடுங்கள்.

முதல் சோதனையாக நான் பரிந்துரைப்பது சயனோடைப் எனப்படும் நீல அச்சு. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த இம்முறைக்கு முழு இருட்டறையும் வேண்டாம், வெள்ளி உப்புகளும் வேண்டாம். அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மேல் நேரடியாக வைத்து இம்முறையில் அச்சிடத் தொடங்கியிருந்தார். கேமரா இல்லாமலே ஒளிப்படம் உண்டு என்பதற்கு அந்த அச்சுகளே சான்று.

பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லிலிட்டரிலும் கரைத்து, இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் சம அளவில் கலந்து, மங்கலான மஞ்சள் விளக்கொளியில், தடித்த நீர்வண்ணத் தாளில் மெல்லிய ஒரே பூச்சாகப் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். காரத்தன்மை ஊட்டப்பட்ட தாள்கள் நீலத்தை அரித்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். கையுறை கட்டாயம், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஃபெரிசயனைடுடன் வலுவான அமிலம் எதையும் சேர்த்தால் நச்சுவாயு வெளிப்படும் என்பதை மறக்கவே கூடாது.

உலர்ந்த தாளின் மேல் இலையையோ நெகட்டிவையோ (ஒளியும் நிழலும் தலைகீழான படத்தையோ) வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், புற ஊதாக் கதிர்கள் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து, நீரில் கரையாத நீல நிறமியாகிறது. கதிர் படாத பகுதி கழுவும்போது கரைந்து போய்விடுகிறது. புதியவர்கள் இடறுவது இங்கேதான். பூச்சு நீலமானவுடனே அச்சு முடிந்துவிட்டதென்று எண்ணி நான் கழுவிய முதல் தாளில், ஐந்தே நிமிடங்களில் படம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. மிக ஆழமான நிழல் பகுதிகள் நீலத்தையும் கடந்து, சாம்பலும் வெண்கலமும் கலந்த நிறத்துக்கு மாறும் வரை காத்திருக்க வேண்டும். கடும் வெயிலில் இதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். பிறகு மஞ்சள் சாயல் முற்றிலும் நீங்கும் வரை நீரில் கழுவுங்கள். முழு நீலம் ஒரு நாளில் தானாகவே ஏறிவிடும். அவசரமென்றால் கழுவும் நீரில் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் உடனே ஏறும்.

டிஜிட்டல் படத்தையும் இதே தாளில் அச்சிடலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளியையும் நிழலையும் தலைகீழாக மாற்றி, இட வலமாகத் திருப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட் அச்சுப்பொறியால் அச்சிட்டால் நெகட்டிவ் தயார். மை படிந்த பக்கம் பூச்சைத் தொட வேண்டும் என்பதற்காகவே அந்த இட வல மாற்றம். நேரத்தைக் கணிக்க, மை படாத வெற்றுப் பிளாஸ்டிக் தாளைப் பூச்சின் மேல் வைத்து, ஓர் அட்டையை மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை நகர்த்திச் சோதனைப் பட்டை ஒன்று எடுங்கள். கழுவி உலர்த்திய பின், எந்தப் பட்டைக்கு மேல் நீலம் ஆழமாகவில்லையோ அதுவே உங்கள் அடிப்படை நேரம். அதன் பிறகு ஒளிப்பகுதிகள் வெளிறினாலும் இடைத்தொனிகள் அடைத்துக்கொண்டாலும் நேரத்தைத் தொடாதீர்கள். கணினியில் தொனி வளைவை (படத்தின் ஒளி நிழல் அளவுகளை மாற்றும் கோட்டை) மட்டும் திருத்துங்கள்.

கேமராவை அசைத்து எடுக்கும் முறைக்கு இவ்வளவு ஆயத்தம் தேவையில்லை. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100, ஷட்டர் நேரம் கால் விநாடி முதல் 1 விநாடி வரை, அதிர்வுத் தடுப்பு அணைக்கப்பட்ட நிலை, இவை போதும். வெளிச்சம் மிகுந்தால் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பொருத்துங்கள். மரங்கள் போன்ற செங்குத்தான உருவங்களுக்கு மேலும் கீழுமாகவும், கடல் அடிவானத்துக்குப் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே அசைவைத் தொடங்கி, அது மூடிய பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தால்தான் கோடுகள் தடையின்றி ஓடும்.

ஒரே சட்டகத்தில் பல பதிவுகள் எடுப்பதில் கணக்கு முக்கியம். இரண்டு பதிவுகளுக்கு ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக்கி) குறைத்தும், நான்குக்கு 2 ஸ்டாப் குறைத்தும் எடுங்கள். பதிவுகளின் ஒளியைச் சராசரியாக்கும் முறை உள்ள கேமராக்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். பிரகாசமான வானத்தின் முன் கருநிழலாக ஒரு முகத்தையும், பிறகு இலைகளையோ சுவரின் சொரசொரப்பையோ பதிந்தால், இரண்டாவது காட்சி முகத்தின் இருட்டுக்குள் மட்டுமே தெரியும். கணினியில் இதையே செய்ய படங்களை அடுக்குகளாக வைத்து, ஒளியை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கும் ஸ்க்ரீன் முறையில் கலக்கலாம். ஆயினும் கேமராவிலேயே எடுப்பதை நான் விரும்புகிறேன்: முதல் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேடும் பயிற்சி, திரைக்கு முன் அமர்ந்தால் கிடைப்பதில்லை.

லென்ஸை நீக்க விரும்புவோர், லென்ஸ் இல்லாதபோது கேமராவை மூடும் உடல் மூடியில் ஓட்டையிட்டு, ஊசியால் துளைத்த அலுமினியத் தாளை அதன் மேல் ஒட்டலாம். துளைக்கும் சென்சாருக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இருந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. லென்ஸின் துளை அளவு எஃப் 16-ஆக இருக்கும்போது விநாடியின் நூறில் ஒரு பங்கு போதுமான வெளிச்சத்தில், இங்கே சுமார் 1 விநாடி தேவைப்படும் என்பதால் முக்காலி வேண்டும். இவ்வளவு சிறிய துளையில் சென்சாரின் தூசு ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும். எடுப்பதற்கு முன்பே அதைத் துடைத்துவிடுங்கள்.

அசைத்தும் ஊசித்துளை வழியாகவும் எடுத்த படங்களை நீல அச்சாக்கும்போது, அவற்றின் மென்மையான தொனிகள் மங்கித் தெரியக்கூடும். நெகட்டிவ் அச்சிடும் முன் கணினியில் கான்ட்ராஸ்டைச் சற்றுக் கூட்டி, எவ்வளவு கூட்டினீர்கள் என்பதை அச்சின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.