இங்கிலாந்தில் ஜூரி பணிக்கு அழைப்பு வந்தால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவருக்கும் ஜூரி (குற்ற வழக்கில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) பணிக்கான அழைப்பாணை வரலாம். காமன்வெல்த் நாட்டவரும் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுடன் வசிப்பவர்களையும் அது தேடி வரும். குடியுரிமை இல்லை என்று எண்ணி அதை ஒதுக்கிவிடக் கூடாது. வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும்; 13 வயது நிறைந்த பின் ஐக்கிய இராச்சியத்தில் குறைந்தது 5 ஆண்டுகள் வாழ்ந்திருக்கவும் வேண்டும்.

அழைப்பாணைக்கு 7 நாட்களுக்குள் பதில் அனுப்புங்கள். பதில் தராமலோ, குறித்த நாளில் வராமலோ இருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். அறுவை சிகிச்சை, தேர்வு, முன்பே பணம் கட்டிய பயணம் போன்ற காரணம் இருந்தால் ஒருமுறை தள்ளிவைக்கக் கோரலாம்; ஆனால் அடுத்த 12 மாதங்களுக்குள் வர இயலும் நாட்களையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். வேலை அதிகம் என்ற காரணம் அநேகமாக எடுபடாது, ஏனெனில் 2004 முதல் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்குமே விலக்கு இல்லை. பணி பெரும்பாலும் 10 வேலை நாட்கள் நீடிக்கும். அந்நாட்களுக்குச் சம்பளம் தர முதலாளி கடமைப்பட்டவர் அல்லர். நீதிமன்றம் தரும் ஈட்டுத்தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. எனவே, வருமான இழப்புப் படிவத்தில் முதலாளியின் கையொப்பத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே சட்டம் படித்திராத, ஊதியம் பெறாத மாஜிஸ்திரேட்டுகள், வழக்கமாக மூவராக அமர்ந்து, சட்ட ஆலோசகரின் துணையுடன் குற்றத்தையும் தண்டனையையும் தாங்களே தீர்மானிக்கிறார்கள். ஜூரிகள் அமர்வது கொலை, வல்லுறவு, கொள்ளை போன்ற கடுமையான வழக்குகளை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றத்தில். அவர்கள் தீர்மானிப்பது குற்றவாளியா இல்லையா என்பதை மட்டுமே. தண்டனை நீதிபதியின் பொறுப்பு. அவர் தண்டனை நெறிமுறைகளைப் பின்பற்றி, குற்றத்தின் கடுமையை எடைபோட்டு, வழக்கின் தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்து விதிப்பார். ஆகவே, “பாவம், சிறைக்குப் போய்விடுவாரே” என்ற இரக்கத்துக்குத் தீர்ப்பில் இடம் தராதீர்கள். என் பார்வையில் ஜூரருக்கு (ஜூரி உறுப்பினருக்கு) கடினமான வேலை இதுதான்.

விசாரணை அறைக்குத் தேவைக்குச் சற்று அதிகமானவர்களை அழைத்துச் செல்வார்கள். நீதிமன்ற எழுத்தர் பெயர் அட்டைகளைக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, 12 பேர் வரிசையாகச் சென்று அமர்வார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரையோ சாட்சிகளில் ஒருவரையோ தெரிந்திருந்தால், அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் விசாரணையைப் பின்தொடர முடியாது என்ற ஐயம் இருந்தாலும் மறைக்க வேண்டாம். அதை நீதிபதி முடிவு செய்வார். பகவத் கீதை, பைபிள், குர்ஆன் போன்ற நூலின் மீது சத்தியம் செய்யலாம். மத நூல் எதுவுமின்றி உறுதிமொழியும் எடுக்கலாம்.

விசாரணையின்போது குறிப்பு எடுக்கலாம். ஆனால் அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோக முடியாது. ஏதாவது கேட்க வேண்டுமானால், ஒரு தாளில் எழுதி நீதிமன்ற ஊழியரிடம் கொடுத்தால் அது நீதிபதிக்குச் சென்றுவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பதும், சம்பவ இடத்துக்குச் சென்று பார்ப்பதும் 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். வழக்கைப் பற்றி வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோ கூடப் பேசக் கூடாது.

சாட்சியங்களும் வாதங்களும் முடிந்ததும் நீதிபதி சட்டத்தை விளக்குவார். பல வழக்குகளில் படிப்படியான கேள்விகளை எழுத்திலும் தருவார். தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அக்கேள்விகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கை தூக்கி வாக்கெடுப்பது பலரைத் தத்தம் நிலைப்பாட்டில் பூட்டிவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவர்தான் குற்றத்தைச் செய்தார் என்பதில் உங்களுக்கு உறுதி ஏற்பட்டிருக்க வேண்டும். அநேகமாகச் செய்திருப்பார் என்பது போதாது. முதலில் ஒருமித்த தீர்ப்பே எதிர்பார்க்கப்படும். குறைந்தது 2 மணி 10 நிமிடம் கடந்த பிறகு, நீதிபதி அனுமதித்தால் 11-1 அல்லது 10-2 பெரும்பான்மையும் செல்லும். அதுவும் கிட்டாவிட்டால் ஜூரி கலைக்கப்படும், மறுவிசாரணை நடக்கலாம். 1670-இல் வில்லியம் பென் என்ற குவேக்கர் மதப் போதகர் மீதான வழக்கில் நீதிபதி விரும்பிய தீர்ப்பைத் தர மறுத்த ஜூரர்களை உணவின்றி அடைத்து வைத்து, அபராதமும் விதித்தார்கள். அவர்களுள் ஒருவரான எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்குக்குப் பின், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்பது நிலைபெற்றது.

ஜூரி அறையில் யார் என்ன சொன்னார், எப்படி வாக்களித்தார் என்பதை வழக்கு முடிந்த பின்னும் வெளியிடுவது குற்றம். சக ஜூரர் ஒருவர் இணையத்தில் தேடியதையோ, இனவெறுப்புடன் பேசியதையோ கண்டால், உடனே நீதிபதிக்கு எழுதித் தெரிவியுங்கள். தீர்ப்பு அறிவிக்கப்பட்ட பின், அறைக்குள் நடந்த விவாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாகக் கிளறிப் பார்ப்பதில்லை.