ஒரே படக்கதை, நான்கு வாசிப்பு

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு வாரம் ஒரு படக்கதைப் புத்தகம் போதும். அதையே நான்கு முறை வாசியுங்கள். பக்கத்துக்கு ஓரிரு வரிகள் உள்ளதாக எடுங்கள்.

முதல் நாள் வரிக்குக் கீழே விரலை நகர்த்தியபடி வாசியுங்கள். தமிழில் ஒரு சிக்கல் உண்டு: புத்தகத்தில் "யானை குளத்திற்குச் சென்றது" என்றிருக்கும், குழந்தைக்குத் தெரிந்ததோ "யானை கொளத்துக்குப் போச்சு". அச்சில் உள்ளதை மாற்றாமல் வாசித்துவிட்டு, உடனே பேச்சுமொழியிலும் ஒருமுறை சொல்லுங்கள். இரண்டையும் கேட்டுப் பழகினால் பின்னாளில் பாடப்புத்தகத் தமிழ் அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாம் நாள் கேள்வி. "இது என்ன?" என்றால் பதில் ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். "யானை ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுப் பதிலைத் தாங்களே சொல்லிவிடுவது இங்கேதான். குழந்தை "தண்ணி இல்ல" என்றால், "ஆமா, கொளத்துல தண்ணி இல்லாததால அழுவுது" என்று நீட்டிச் சொல்லுங்கள், திருத்த வேண்டாம்.

மூன்றாம் நாள் வரியின் கடைசிச் சொல்லைக் குழந்தைக்கு விடுங்கள். நான்காம் நாள் படம் பார்த்து அதுவே கதை சொல்லட்டும்.

எழுத்து காட்டுவதானால் குழந்தையின் பெயரின் முதலெழுத்து மட்டும். "கெ", "கே" வரிசையை இப்போது தொடாதீர்கள்: கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும், குழந்தை குழம்பிவிடும்.