ஒரே ஊரில் இரண்டு பொது வானொலிகள்: இணைக்கலாமா என்று எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலை வேளையில் வானொலியின் முள்ளை 89.7-இல் வைத்தாலும் 90.9-இல் வைத்தாலும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சிதான் ஒலிக்கும்: நாடெங்கும் உள்ள பொது வானொலிகளுக்கு நிகழ்ச்சி வழங்கும் என்.பி.ஆர். நிறுவனம் தயாரிக்கும் 'மார்னிங் எடிஷன்' என்ற செய்தி நிகழ்ச்சி. மாலையில் 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' நிகழ்ச்சியும் அப்படியே. முதல் அலைவரிசை ஜி.பி.எச். அறக்கட்டளையுடையது, இரண்டாவது, பாஸ்டன் பல்கலைக்கழகம் உரிமம் வைத்திருக்கும் டபிள்யூ.பி.யூ.ஆர். 2024-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சில வார இடைவெளியில் இரண்டு நிலையங்களும் ஆட்குறைப்புச் செய்தன. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த நிலையில், இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. பாஸ்டனில் மட்டுமல்லாமல் இதே நிலையிலுள்ள எந்த ஊரிலும், நன்கொடை அளிக்கும் நேயரோ ஆலோசனைக் குழு உறுப்பினரோ இந்தக் கேள்வியை எப்படி அணுகலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

இணைப்பை ஆதரிப்பவர்கள் எவற்றை இணைக்கச் சொல்கிறார்கள் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமம், ஒலிபரப்புக் கோபுரம், செய்தியறை, நன்கொடை திரட்டும் பிரிவு, விளம்பர ஆதரவு பெறும் பிரிவு ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி முடிவுகள். ஒன்றை இணைத்தால் மற்றவற்றையும் இணைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சு வார்த்தைகளில் இவை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்படும்போதுதான் நேயர்கள் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, இரண்டு நிலையங்களின் ஒரு வார நிகழ்ச்சி நிரலை எடுத்து அருகருகே வைத்து, மணிவாரியாக மூன்று நிறங்களில் குறியுங்கள். வெளியிலிருந்து வாங்கிய நிகழ்ச்சிக்கு ஒரு நிறம், நிலையமே நாடு முழுமைக்கும் தயாரிப்பதற்கு ஒரு நிறம், அந்த ஊருக்காக மட்டும் செய்வதற்கு ஒரு நிறம். பாஸ்டனில் இதைச் செய்து பார்த்தால் காலையும் மாலையும் ஒரே நிறமாகத் தெரியும். நடுப்பகலில் இரண்டும் பிரிந்துவிடும். ஜி.பி.எச். தன் 'பாஸ்டன் பப்ளிக் ரேடியோ' என்ற மூன்று மணி நேர உரையாடல் நிகழ்ச்சியை நகரின் பொது நூலகத்திலுள்ள ஸ்டுடியோவிலிருந்தும் நேரலையாக நடத்துகிறது. நூலகத்துக்கு வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள், நேயர்கள் தொலைபேசியில் கலந்துகொள்கிறார்கள். டபிள்யூ.பி.யூ.ஆர். அதே நடுப்பகலில் என்.பி.ஆருடன் சேர்ந்து 'ஹியர் அண்ட் நவ்' நிகழ்ச்சியைத் தயாரித்து நாடெங்கும் உள்ள நிலையங்களுக்கு அனுப்புகிறது. ஒன்று ஊருக்குள் பேசுகிறது, மற்றொன்று ஊரிலிருந்து நாட்டுக்குப் பேசுகிறது. காலை நேரத்தை மட்டும் கேட்டுவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களுக்கு இந்த வேறுபாடு தென்படாது. காலையிலும்கூட தேசிய நிகழ்ச்சியின் இடையே வரும் உள்ளூர்ச் செய்திகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு செய்தியாளர்கள்.

நிரல் மட்டும் போதாது. உரிமம் பெற்ற ஒவ்வொரு நிலையமும், தன் பகுதியின் எந்தெந்தப் பிரச்சினைகளை எந்த நிகழ்ச்சியில் பேசியது என்ற பட்டியலைக் காலாண்டுதோறும், ஒலிபரப்பு உரிமம் வழங்கும் அரசு அமைப்பான ஃபெடரல் தகவல்தொடர்பு ஆணையத்தின் இணையக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும். அது யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். இரண்டு நிலையங்களின் ஓராண்டுப் பட்டியல்களையும் படித்து, வீட்டு வாடகை, பள்ளிகள், போக்குவரத்து போன்ற தலைப்புகளில் எத்தனை செய்திகள் உண்மையிலேயே ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரே சட்டமன்றக் கூட்டத்துக்கு இரண்டு செய்தியாளர்கள் சென்றார்கள் என்பதை மட்டும் வைத்து அதை வீண் செலவு என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்கும்போது மற்றவர் அதனால் பாதிக்கப்பட்டவரை நேர்கண்டிருக்கலாம். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற அச்சமே அதிகாரிகளை ஒழுங்காகப் பதில் சொல்ல வைக்கிறது.

பணக்கணக்குக்கு வருவோம். இரண்டு தலைமை நிர்வாகிகள், இரண்டு கணக்குப் பிரிவுகள், இரண்டு நன்கொடை மென்பொருள்கள் என்று அடுக்கிச் சேமிப்பு பெரிதாகக் காட்டப்படும். ஜி.பி.எச். அடிப்படையில் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம். அதன் வானொலிக்கான நிர்வாகச் செலவு ஏற்கெனவே தொலைக்காட்சியோடு பகிரப்படுகிறது. டபிள்யூ.பி.யூ.ஆருக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. ஆகவே இரண்டு தனிக் கடைகளை ஒன்றாக்கும்போது கிடைக்கும் அளவு மிச்சம் இங்கே கிடைக்காது. என்.பி.ஆருக்குச் செலுத்தும் கட்டணத்திலும் பெரிய நிலையம் கூடுதலாகவும் சிறிய நிலையம் குறைவாகவும் செலுத்துவதால், இணைந்த நிலையம் பாதிக் கட்டணத்தோடு தப்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபுறம் வருவாய் குறையும்: இரண்டு நிலையங்களுக்கும் தனித்தனியே ஆண்டுச் சந்தா செலுத்தும் குடும்பம், இணைப்புக்குப் பிறகு ஒரே நிலையத்துக்கு இரு மடங்கு செலுத்துவது அரிது. இரண்டு நன்கொடையாளர் பட்டியல்களிலும் எத்தனை பெயர்கள் பொதுவாக உள்ளன என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல மறுப்பவர்களின் சேமிப்புக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

அலைவரிசைதான் மிக முக்கியமானது. அது ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்ப வருவதில்லை, ஏனெனில் பெரிய நகரங்களில் காலியான பண்பலை இடமே கிடையாது. கோபுரம் எங்கே நிற்கிறது, எதுவரை எட்டுகிறது என்பதை வரைபடத்தில் பாருங்கள். ஜி.பி.எச். நகரின் தெற்கேயுள்ள கிரேட் புளூ ஹில் குன்றிலிருந்து ஏறக்குறைய 100 கிலோவாட் வலுவில் ஒலிபரப்புகிறது. அதன் எல்லையும் டபிள்யூ.பி.யூ.ஆரின் 90.9-இன் எல்லையும் ஒன்றல்ல. ஓர் அலைவரிசையைக் கைவிட்டால் எந்த ஊர்கள் ஒலியை இழக்கும் என்பதைப் பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அலைவரிசையில் என்ன ஒலிக்கும் என்ற கேள்விக்கு நல்ல விடை இருந்தால் இணைப்பு பயன் தரும். சின்சினாட்டியில் செவ்வியல் இசை நிலையமான டபிள்யூ.ஜி.யூ.சி.யை நடத்திய அமைப்பு, 2005-இல் சேவியர் பல்கலைக்கழகத்திடமிருந்து டபிள்யூ.வி.எக்ஸ்.யூ.வை 1.5 கோடி டாலருக்கு வாங்கி, ஒன்றை இசைக்கும் மற்றொன்றைச் செய்திக்கும் என்று பிரித்து வைத்தது. பாஸ்டனிலேயே 2009-இல் ஜி.பி.எச். 99.5 அலைவரிசையை வாங்கிச் செவ்வியல் இசையை அங்கே மாற்றியதால்தான் 89.7 செய்தி நிலையமானது. இரண்டு நிலையங்களும் ஒரேபோல ஒலிப்பது மிகை என்று இன்று சொல்லப்படுகிறதே, அது அந்த முடிவில் பிறந்தது. அதன் தொடர்ச்சியாக 2012-இல் வார நாள் இரவுகளின் ஜாஸ் இசை வார இறுதிக்குச் சுருங்கியது. அதை இழந்தவர்களின் வருத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சியாட்டில் கதை இதற்கு மறுபக்கம். 2015 நவம்பரில் பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம், ஜாஸ் இசையும் செய்தியும் கலந்து வழங்கிய கே.பி.எல்.யூ. 88.5 நிலையத்தை, போட்டி நிலையமான கே.யூ.ஓ.டபிள்யூ.வின் உரிமத்தை வைத்திருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விற்கப் போவதாக அறிவித்தது. செய்தியை கே.யூ.ஓ.டபிள்யூ.வின் 94.9-இல் குவித்து 88.5-ஐ முழு ஜாஸ் நிலையமாக்குவது திட்டம். தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அறிவிப்பு வரும்வரை நேயர்களிடமும் ஊழியர்களிடமும் யாரும் கேட்கவில்லை. பொதுக்கூட்டங்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு நேயர்களுக்கு ஒரு வாய்ப்புத் தரப்பட, அவர்கள் 2016 மே இறுதிக்குள் 70 லட்சம் டாலர் திரட்டி நிலையத்தைத் தாங்களே வாங்கினார்கள். அது இன்று கே.என்.கே.எக்ஸ். என்ற பெயரில் ஒலிக்கிறது. ஒரு நிலையத்தின் மதிப்பை அறிய, அதை இழக்கப்போகிறவர்களிடம் கேட்பதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பொதுக்கூட்டம் நடத்தக் கோருங்கள்.

பாஸ்டனைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது: உரிமங்களையும் செய்தியறைகளையும் இணைக்கக் கூடாது, கணக்கு, மென்பொருள், பொறியியல் பராமரிப்பு ஆகியவற்றை உடனே பகிரலாம். ஒரே தேசிய நிகழ்ச்சியை ஒரே மணியில் இருவரும் ஒலிபரப்புவதை விட்டு, ஒருவர் ஒரு மணி நேரத்தை உள்ளூருக்கு ஒதுக்கினால் பணம் பெரிதாகச் செலவாகாமலே இரண்டும் ஒரேபோல ஒலிப்பது குறையும். இதை ஓராண்டு சோதித்துப் பார்க்காமல் நிரந்தர இணைப்புக்குப் போவது அவசரம்.

அப்படியும் நிர்வாகங்கள் இணைப்பை முன்னெடுத்தால், செய்தியாளர் எண்ணிக்கை எத்தனை ஆண்டுகளுக்குக் குறையாது, தொழிற்சங்க ஒப்பந்தங்கள் தொடருமா, இரண்டாவது அலைவரிசையை விற்க மாட்டோம் என்ற உறுதி உண்டா ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். உரிமம் கைமாற வேண்டுமென்றால் ஃபெடரல் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகப் பொது அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மறுப்பு மனு கொடுக்க வேண்டும். நிரலில் நிறம் குறித்த தாள்களும் காலாண்டுப் பட்டியல்களிலிருந்து எடுத்த எண்ணிக்கையும் அதற்கு முன்பே உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.